தீவின் அச்சுப்பொறியும் குனியாத முத்திரையும்

“நீங்க இருக்கீங்க, ஹமுரா-சான். இல்லைன்னு நான் சொல்லவே இல்லையே. எங்க பட்டியல்ல இல்லைன்னுதான் சொன்னேன்.”

“தம்பி, நான் இப்போ உன்கூட போன்ல பேசிட்டிருக்கேன்ல?”

“ஆமா.”

“எனக்கு முன்னாடி அந்த அச்சுப்பொறி இருக்கு. அதுமேல கை வச்சிருக்கேன். சில்லுன்னு இருக்கு.”

“இருக்கும். ஆனா எங்க வலையைப் பொறுத்தவரை அது கிடையாது.”

“அப்போ நான் எதுமேல கை வச்சிருக்கேன்?”

இந்தக் கேள்விக்கு எங்கள் பிரிவின் கையேட்டில் பதில் இல்லை. கையேடு நானூற்றுப் பதினாறு பக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் முழுக்க அதைத்தான் படிக்கச் சொன்னார்கள். படித்து முடித்ததும் மறுபடி படிக்கச் சொன்னார்கள். அதனால் உறுதியாகச் சொல்கிறேன், இல்லை.

ஹமுரா-சான், அதாவது ஹமுரா அம்மா, மிட்சுசே தீவு கிளினிக்கின் நர்ஸ். தீவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர், ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு அச்சுப்பொறி. ரத்தப் பரிசோதனைக் குழாய்கள் கப்பலில் எங்கள் ஊர் மருத்துவமனைக்கு வரும். முடிவுகள் அடித்தளத்தில் இருக்கும் எங்கள் மையக் கணினியான மெயின்ஃபிரேமில் ஏறும். அங்கிருந்து தீவின் அச்சுப்பொறிக்குப் போய்த் தாளாக வெளியே வர வேண்டும். வருவதில்லை. ஆகவே ஹமுரா-சான் செவ்வாயும் வெள்ளியும் கப்பலேறி, இரண்டே கால் மணி நேரம் கடலில் குலுங்கி வந்து, தாளை வாங்கிக்கொண்டு, இரண்டே கால் மணி நேரம் திரும்பிக் குலுங்கிப் போவார்.

முன்பு ஃபேக்ஸில் அனுப்பினார்கள். கணினி வந்த பிறகு ஃபேக்ஸ் எதற்கு என்று மேலிடம் அதை நிறுத்திவிட்டது. நிறுத்தச் சொன்ன உத்தரவு ஃபேக்ஸில் வந்தது.

விஷயம் இவ்வளவுதான். மாகாண மருத்துவமனைகளின் கணினிகளெல்லாம் ஒரு வலை. அதன் பெயர் கென்பியோ. தீவுக் கிளினிக்குகளின் கணினிகள் வேறொரு வலை, அதன் பெயர் ரித்தோ. இரண்டுக்கும் நடுவே கடலுக்கடியில் கம்பி இருக்கிறது. கம்பி நன்றாக இருக்கிறது. ஆனால் அடுத்த வலைக்குச் சொந்தமான ஒரு கருவியோடு எங்கள் மெயின்ஃபிரேம் பேச வேண்டுமென்றால், அந்தக் கருவியின் பெயர், அது எந்த வலை, அங்கே அதற்குப் பொறுப்பு யார் என்று எங்கள் பட்டியலில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். ஒரே ஒரு வரி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வெற்றுத் திரையில் அடித்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு நொடி ஆயிற்று, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திய நேரமும் சேர்த்து.

அந்த முப்பத்தெட்டு நொடியை நிர்வகிப்பதற்குத்தான் எட்டுப் பேர் கொண்ட எங்கள் பிரிவு. பெயர், பிற வலைச் சாதன வரையறைப் பிரிவு. ஐந்தாவது மாடி, கிழக்குப் பக்கம். அந்த எட்டுப் பேரில் கடைசி ஆள் நான். பெயர் ஒரிட்டா, வயது இருபத்து நான்கு.

முதல் வாரம் பிரிவுத் தலைவர் குராமோச்சி என்னை உட்கார வைத்து வேலையை விளக்கினார். மெலிந்த மனிதர். பேசும்போது மேசையில் இருக்கும் எதையாவது நேராக்கிக்கொண்டே இருப்பார்.

“ஒரிட்டா, வரையறுக்கறதுன்னா என்ன?”

“பட்டியல்ல ஒரு வரி எழுதறது, சார்.”

“அது கை செய்யற வேலை. வரையறுக்கறதுன்னா ஒத்துக்கறது. அடுத்தவன் பொருள் ஒண்ணு இருக்குன்னு நாம ஒத்துக்கறோம். ஒத்துக்கிட்டா நாளைக்கு அது ஓடலைன்னா ஏன் ஓடலைன்னு நம்மளைக் கேப்பான். இல்லாத பொருள் ஓடலைன்னு யாராவது கேப்பானா?”

“கேக்க மாட்டாங்க.”

“அவ்வளவுதான் நம்ம வேலை. பத்து வருஷத்துல இந்தப் பிரிவு மேல ஒரு புகார் கிடையாது. எத்தனை சாதனம் வரையறுத்திருக்கோம் தெரியுமா? ஒன்பது. அதுல ஏழை மறுபரிசீலனை பண்ணி நீக்கிட்டோம்.”

“மீதி ரெண்டு, சார்?”

“மறுபரிசீலனைல இருக்கு,” என்று சொல்லிவிட்டு ஸ்டேப்ளரை நேராக்கினார்.

அக்டோபரில் மாகாண அலுவலகத்திலிருந்து தீவுகளுக்கெல்லாம் ஒரு சுற்றறிக்கை போயிற்று. மார்ச் முப்பத்தொன்றுக்குள் மத்திய மெயின்ஃபிரேமோடு ஒரு தடவைகூடப் பேசாத கிளினிக், பயன்பாட்டில் இல்லாத கிளினிக்காகக் கருதப்பட்டு மூடப்படும். டாக்டரும் நர்ஸும் ஊருக்குத் திரும்பலாம். ஹமுரா-சான் எனக்கு முதல் தடவை போன் செய்தது அதைப் படித்த அரைமணி நேரத்தில்.

நான் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தேன். படிவம் ஒன்று முதல் ஆறு வரை நானே எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது படிவத்தில் ‘இச்சாதனம் நம்முடையதல்ல என்பதற்கான சான்று’ என்று ஒரு கட்டம். அதை ரித்தோ வலைக்காரர்கள்தான் தர வேண்டும். அவர்கள் அலுவலகம் எதிர்க் கட்டடத்தில் இரண்டாவது மாடி. நேராகப் போய்க் கேட்டேன்.

அங்கே இருந்தவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். “தாராளமா தர்றோம். எந்தச் சாதனத்துக்குன்னு உங்க பிரிவு எழுத்துல கேக்கணும், அவ்வளவுதான்.”

திரும்பி வந்து குராமோச்சியிடம் சொன்னேன்.

“எழுத்துல கேக்கணும்னா அதோட பேரை எழுதணும்ல?” என்றார்.

“ஆமா சார்.”

“நம்ம பட்டியல்ல இல்லாத பேரை நம்ம லெட்டர்ல எப்படி எழுதறது?”

“அப்போ பட்டியல்ல சேக்கணும்.”

“சேக்கறதுக்குச் சான்று வேணும்.”

“சான்றுக்கு லெட்டர் வேணும், சார்.”

“இப்போ உனக்குப் பிடிபடுது,” என்றார். அவர் முகத்தில் உண்மையான பாசம் தெரிந்தது.

கடைசியில் ‘தங்களிடம் இருக்கக்கூடிய ஏதேனும் ஒன்று’ என்று குறிப்பிட்டுக் கடிதம் போனது. ‘எங்களிடம் பல உள்ளன’ என்று பதில் வந்தது. அதற்குள் வருடம் திரும்பிவிட்டது.

ஜனவரியில் கடல் கொந்தளித்து ஒன்பது நாள் கப்பல் ஓடவில்லை. பத்தாவது நாள் வந்த ஹமுரா-சானை முதல்முறையாக நேரில் பார்த்தேன். குட்டையான உருவம், ஐம்பது வயதிருக்கும், ரப்பர் பூட்ஸ். தாள் கட்டை வாங்கி அங்கேயே நின்று புரட்டினார். ஒரு தாளில் விரல் நின்றது.

“எங்க தீவுல ஏழு பேரு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாங்க,” என்றார். “முடிவைப் பாத்துத்தான் டாக்டர் அளவு சொல்லுவாரு. அளவு கூடினா உள்ளுக்குள்ள ரத்தம் கசியும். குறைஞ்சா அடைச்சுக்கும். ஒன்பது நாளா அவரு குத்துமதிப்பாச் சொல்லிட்டிருந்தாரு. இந்த மனுஷன் இருக்காரு பாரு, ஒனோதேரா, படகு வச்சிருக்கார், இவருக்கு ரெண்டு மடங்கு கொடுத்திருக்கோம். இந்த முடிவு நாலாம் தேதியே வந்திருக்கு. உங்க கீழ் மாடியில உக்காந்திருந்திருக்கு.”

“அவருக்கு ஒண்ணும்…”

“மூக்குல ரத்தம் வந்துச்சு. நின்னிருச்சு. அவ்வளவோட போச்சு. அடுத்த தடவை அவ்வளவோட போகும்னு உங்க படிவத்துல எங்கேயாவது கட்டம் இருக்கா, தம்பி?”

அன்றைக்கே குராமோச்சியிடம் போய், ஒரு ஆள் செத்திருப்பார் என்றேன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ரொம்ப வேதனையா இருக்கு. ஆனா யோசிச்சுப் பாரு, நாம அதை அவசரப்பட்டு வரையறுத்திருந்தா? இந்த மூக்கு ரத்தத்துல நம்ம பேரும் வந்திருக்கும்.”

பிறகு, துக்கத்தை ஆற்றும் விதமாக, ஏழாவது படிவத்தை எடுத்துக் கொடுத்தார். சாதன அறிமுகம். எங்கள் பிரிவின் வரலாற்றிலேயே யாரும் ஏழாவது படிவம் வரை வந்ததில்லை.

“முகம் தெரியாத ஒண்ணை எப்படி உள்ள விடறது? புதுசா பக்கத்து வீட்டுக்கு வர்றவங்ககூட ஒரு டவலைக் கையில எடுத்துக்கிட்டு வந்து வணக்கம் சொல்றாங்கல்ல? குழு முன்னாடி அது வரட்டும். ஒரு பத்து நிமிஷம். அப்புறம் எல்லாம் சுலபம்.”

“அச்சுப்பொறியா சார்?”

“பின்ன நர்ஸையா வரையறுக்கப் போறோம்?”

பிப்ரவரி பதினெட்டு, காலைக் கப்பலில் அச்சுப்பொறி வந்தது. ஹமுரா-சான் அதை ஊதா நிறத் துணியில் முடிச்சுப் போட்டுக் கட்டி, மீன் பெட்டி இழுக்கும் தள்ளுவண்டியில் வைத்து, துறைமுகத்திலிருந்து நடந்தே இழுத்து வந்திருந்தார். மேலே ஒரு பொட்டலம் காய்ந்த கணவாய். அறிமுகம் என்றால் வெறுங்கையோடு வரக்கூடாதே.

குழுவில் ஆறு பேர். எங்கே உட்கார வைப்பது என்பதில் முதல் இருபது நிமிடம் போயிற்று. விருந்தாளி என்பதால் கதவிலிருந்து தள்ளி, உள் பக்கம்தான் உட்கார வேண்டும். ஆனால் அச்சுப்பொறி உதவி இயக்குநரை விட மேலான இடத்தில் உட்காரலாமா? கடைசியில் உதவி இயக்குநருக்கு ஒரு மெத்தை அதிகமாகப் போட்டுச் சமாளித்தார்கள். எல்லோருக்கும் தேநீர் வந்தது. கொண்டுவந்த பெண் ஒரு நொடி தயங்கிவிட்டு அச்சுப்பொறிக்கு முன்னாலும் ஒரு கோப்பை வைத்தாள். யாரும் சிரிக்கவில்லை. நான் மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளிக்கொண்டேன்.

உதவி இயக்குநர் எழுந்து, இரண்டு கைகளாலும் தன் பெயர் அட்டையை நீட்டி, அச்சுப்பொறியின் மூடி மீது வைத்தார்.

“தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க. கடல் எப்படி இருந்துச்சு?”

ஹமுரா-சான் சொன்னார், “அதுக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் வாந்தி.”

“சாதனத்துக்கு எங்க வலையில சேர்றதுக்கு விருப்பம்தானே?”

அமைதி.

குறிப்பெழுதுபவர் எழுதியதை அப்புறம் பார்த்தேன். ‘சாதனம் மௌனமாக இருந்தது. ஆட்சேபணை இல்லை எனக் கொள்ளப்பட்டது.’

எனக்கு நம்பிக்கையே வந்துவிட்டது. குழு முணுமுணுத்தது, தலையாட்டியது. அப்போது குராமோச்சி மெதுவாகக் கையை உயர்த்தினார். கண்களில் ஒரு வெளிச்சம், பிழை கண்டுபிடித்த ஆளின் வெளிச்சம்.

“மன்னிக்கணும். இப்போ இந்தச் சாதனம் எங்க இருக்கு?”

“இங்க,” என்றார் உதவி இயக்குநர்.

“நம்ம கட்டடத்துல, நம்ம மேசையில, நம்ம தேநீரோட. அப்போ இது பிற வலைச் சாதனம் இல்ல. உள் சாதனம். உள் சாதனத்தை வரையறுக்க நமக்கு அதிகாரம் கிடையாது. அது மூணாவது மாடி.”

குழு மொத்தமும் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. உதவி இயக்குநர் அச்சுப்பொறிக்குத் தலைகுனிந்து, தன் அட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஹமுரா-சான் அசையவில்லை. “சரி, தீவுக்கு எடுத்துட்டுப் போயிடறேன். அப்போ மறுபடி பிற வலைதானே?”

“ஆமாம்மா. ஆனா அப்போ அறிமுகம் ஆகாத பிற வலை. அறிமுகம் ஆனது உள் சாதனம்தானே? விண்ணப்பத்தை ஒண்ணாம் படிவத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம். ஏப்ரல்ல.”

“ஏப்ரல்ல கிளினிக் இருக்காது.”

“அது எங்க பிரிவு இல்ல,” என்றார் குராமோச்சி, இதமாக.

எல்லோரும் எழுந்தார்கள். ஹமுரா-சான் எழவில்லை. பையிலிருந்து சோற்று உருண்டை இரண்டை எடுத்து, பிரித்து, அச்சுப்பொறிக்கு வைத்த தேநீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். அறையைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். “கடைசிக் கப்பல் நாலரைக்கு. இதை உக்கார வச்சது நீங்க. எழுப்பறதுக்கு எந்தப் படிவம்னு சொல்லுங்க, நிரப்பித் தர்றேன்,” என்றார். அப்படி ஒரு படிவம் இல்லை என்பதால் அவரை யாராலும் எழுப்ப முடியவில்லை. நாலு மணி வரை அந்த ஆலோசனை அறை ஒரு நர்ஸிடமும் ஓர் அச்சுப்பொறியிடமும் இருந்தது.

நான்தான் தள்ளுவண்டியைத் துறைமுகம் வரை இழுத்துப் போனேன். ஏறும்போது அவர் கேட்டது ஒன்றுதான். “நீ நல்ல பையன், தம்பி. ஆனா நல்ல பையனா இருந்து இதுவரைக்கும் நீ எதைத் தடுத்திருக்க?”

மறுநாள் கோபத்தில் மெயின்ஃபிரேமின் தொடக்கப் பட்டியலை அச்சிட்டு வரி வரியாகப் படித்தேன். வலை மென்பொருள் கண்விழிக்கும்போது தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்விகளின் பட்டியல் அது. எண்பத்து நாலாவது வரியில் நின்றுவிட்டேன். அதை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: வேறொரு வலையிலிருந்து தெரியாத சாதனம் ஒன்று அழைத்தால், அது யாரென்று நானே விசாரித்து, நானே ஒரு வரி எழுதிக்கொள்ளட்டுமா?

பதில்: வேண்டாம்.

பக்கத்தில் ஒரு குறிப்பு. ‘சோதனை முடியும் வரை மட்டும். ஷோவா 61, ஜூன்.’ அதாவது 1986.

தாளை எடுத்துக்கொண்டு சுகுடா-சானிடம் ஓடினேன். பிரிவில் எனக்கு அடுத்த இடத்தில் உட்காருபவர். ரொம்பச் சீனியர், ரொம்ப அமைதி. ஒரு நாளில் அவர் பேசும் வார்த்தைகளை விரல் விட்டு எண்ணலாம்.

“அக்கா, இதைப் பாத்தீங்களா? ‘வேண்டாம்’ங்கறதை ‘சரி’ன்னு மாத்தினாப் போதும். யாரும் எதையும் வரையறுக்கவே வேண்டாம். மெஷின் தானே பாத்துக்கும். எவனோ பத்து வருஷம் முன்னாடி சோதனைக்குப் போட்டுட்டு மறந்துட்டான்.”

“மறக்கல,” என்றார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் எழுதினேன்.”

நான் உட்கார்ந்தேன்.

“சோதனை மூணு வாரம். முடிஞ்சதும் மாத்தறேன்னு சொன்னேன். அதுக்குள்ள ‘வேண்டாம்’னு இருக்கறதால வர்ற விண்ணப்பத்தைப் பாக்க ஒரு ஆள் போட்டாங்க. ஒரு ஆளுக்கு ஒரு தலைவர். தலைவருக்கு ஒரு பிரிவு. அப்புறம் யாரு மாத்துவா?”

“நீங்க மறுபடி கேக்கலையா?”

“ஒரு தடவை கேட்டேன். ‘நீ எங்க போவ’ன்னு கேட்டாங்க.” தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். “தொடக்கப் பட்டியலை மாத்த ஒப்புதல் தாள் போதும். குழு வேண்டாம். பதினொரு முத்திரை. யாரும் போட மாட்டாங்க. ஆனா போதும்.”

ஒப்புதல் தாளில் பதினொரு கட்டங்கள். இடது ஓரம் இயக்குநர், வலது ஓரம் எழுதியவன், அதாவது நான். கையெழுத்துக்குப் பதில் குத்தும் அவரவர் பெயர் முத்திரை இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். மேலதிகாரியின் முத்திரையைப் பார்த்து நம் முத்திரை குனிகிறது. பதவி குறையக் குறையச் சாய்வு கூடும். நான் சேர்ந்த புதிதில் குராமோச்சி கோணமானி வைத்தே சொல்லிக் கொடுத்தார். என்னுடையது நாற்பது டிகிரி.

நான் ஒரே வரியில் எழுதினேன். ‘84ஆம் வரியில் உள்ள வேண்டாம் என்பதைச் சரி என்று மாற்றுதல்.’ காரணம் என்ற கட்டத்தில்: ‘சோதனை முடிந்துவிட்டது.’ பிறகு முத்திரையை மையில் ஒற்றி, நாற்பது டிகிரி சாய்க்கக் கையைத் திருப்பினேன். ஒனோதேராவின் மூக்கு ஞாபகம் வந்தது. கை திரும்ப மறுத்தது. நேராகக் குத்தினேன். நெட்டுக்குத்தாக, கொடிக்கம்பம் மாதிரி. நிராகரிக்கத்தானே போகிறார்கள், நிராகரிக்கட்டும். நான் குனிந்து கேட்டேன் என்று மட்டும் இருக்கக்கூடாது.

அடுத்து நடந்ததை நான் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை.

சுகுடா-சான் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் வழக்கம்போல் சாய்த்துக் குத்தினார். தாள் குராமோச்சியிடம் போயிற்று. அவர் வாசகத்தைப் படிக்கவில்லை. எங்கள் பிரிவில் யாரும் வாசகத்தைப் படிப்பதில்லை, முத்திரைகளைத்தான் படிப்பார்கள். அவர் என் முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு கூரையை, அதற்கு மேல் இருக்கும் மாடிகளை.

“ஒரிட்டா.”

“சார்.”

“இது… யாருக்காவது தெரியுமா? மேல?”

“தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், சார்,” என்றேன். சுகுடா-சானைத்தான் நினைத்தேன்.

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். இருபத்து நான்கு வயதுப் பயல் நேராகக் குத்துகிறான் என்றால் அவனாகவே குத்தியிருக்க முடியாது. பின்னால் யாரோ நிற்கிறார்கள். அந்த யாரோவுக்கு முதுகைக் காட்டி இடது பக்கம் சாய்வதா? குராமோச்சி முத்திரையை எடுத்தார், யோசித்தார், வலது பக்கம் சாய்த்துக் குத்தினார். என்னைப் பார்த்து.

அவருக்கு மேலே இருந்தவர், குராமோச்சியே வலது பக்கம் குனிந்திருப்பதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் குனிந்தார். உதவி இயக்குநரின் முத்திரை ஏறக்குறையப் படுத்துவிட்டது. இயக்குநர் எதற்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஐந்து டிகிரி. தாள் திரும்பி வந்தபோது ஒன்பது முத்திரைகள் என் பக்கமாகக் குனிந்து நின்றன. நடுவில் சுகுடா-சானுடையது மட்டும் எதிர்ப்பக்கம்.

மார்ச் முப்பது, ஞாயிறு காலை, மெயின்ஃபிரேம் வழக்கப்படி நிறுத்தி எழுப்பப்பட்டது. ஒரு சொல் மாறியிருந்தது. திங்கள் எட்டரைக்கு மிட்சுசே தீவில் அச்சுப்பொறியின் சுவிட்சைப் போட்டார்கள். அது அழைத்தது. எங்கள் மெயின்ஃபிரேம் தேநீர் கொடுக்கவில்லை, அட்டை நீட்டவில்லை, யார் நீ, எந்த வலை என்று கேட்டது, ஒரு வரி எழுதிக்கொண்டது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

எட்டு முப்பத்திரண்டுக்கு போன் அடித்தது. எடுத்ததும் டர்ரென்று தாள் ஓடும் சத்தம்.

“கேக்குதா?” என்றார் ஹமுரா-சான்.

“கேக்குது.”

“ஒனோதேராவோடது முதல்ல வந்துச்சு. அளவு சரியா இருக்கு.” தாளைக் கிழித்து எடுக்கும் சத்தம் கேட்டது. “இப்போ இது இருக்கா, தம்பி?”

“இருக்கு, ஹமுரா-சான்.”

கிளினிக்கை மூட முடியவில்லை. கடைசி நாளன்று அது பேசிவிட்டது. இரண்டு நாளில் இன்னும் பதினேழு தீவுக் கருவிகள் தாமாகவே வந்து சேர்ந்துகொண்டன. பத்து வருடத்தில் ஒன்பது. இரண்டு நாளில் பதினெட்டு. யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள், தன் மேசைக்கு ஒரு விண்ணப்பமும் வரவில்லையே என்று குராமோச்சி கவலைப்பட்டு விசாரித்தபோதுதான் வெளியே வந்தது.

என்னைக் கூப்பிட்டார்கள். மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று என் மன்னிப்புக் கடிதம், யாரோ அழகாக எழுதி வைத்திருந்தார்கள். ‘இல்லாத சாதனங்களைக் கவனக்குறைவால் இருக்கச் செய்துவிட்டேன்.’ இன்னொன்று 84ஆம் வரியைப் பழையபடி மாற்றும் ஒப்புதல் தாள். என் மன்னிப்பு இருந்தால் அதை யாரும் கேள்வி கேட்காமல் குத்திவிடுவார்கள்.

“கோபம் இல்ல, ஒரிட்டா,” என்றார் குராமோச்சி. “நீ இன்னும் முப்பத்தஞ்சு வருஷம் இங்க இருக்கணும். அந்த ‘வேண்டாம்’ இல்லைன்னா இந்தப் பிரிவு இல்ல, பிரிவு இல்லைன்னா நான் எதுக்குன்னு கேப்பாங்க. எட்டுப் பேரு வேலை. ஒரு தீவுக்காகவா?”

“ஏழு பேரு ரத்தம், சார்.”

“குத்து. நாற்பது டிகிரி. எல்லாம் மறந்துரும்.”

முத்திரையை எடுத்தேன், மையில் ஒற்றினேன். நேராகக்கூடக் குத்தவில்லை. மன்னிப்புக் கடிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு, ஒப்புதல் தாளில் தலைகீழாகக் குத்தினேன். எங்கள் அலுவலகத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தாள் என்னைத் தாண்டிப் போகிறது, நான் சம்மதிக்கவில்லை. என் நினைவில் அப்படி ஒரு முத்திரையை யாரும் குத்திப் பார்த்ததில்லை. குராமோச்சி தாளைத் திருப்பிப் பார்த்தார், தாள் தலைகீழானது, என் பெயர் நேரானது. மறுபடி திருப்பினார்.

சம்மதிக்காத முத்திரை ஒன்று விழுந்துவிட்டால் மீதிப் பத்துப் பேரும் தாளின் வாசகத்தைப் படித்துவிட்டுத்தான் குத்த வேண்டும் என்று கையேட்டின் முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் சொல்கிறது. பத்து வருடத்தில் முதல்முறையாக அவர்கள் படிக்கப் போகிறார்கள். என்னை எங்கே தூக்கிப் போடுவார்கள் என்று தெரியவில்லை. மிட்சுசே என்றால் ஹமுரா-சான் துறைமுகத்துக்குத் தள்ளுவண்டியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தாள் நேற்று சுகுடா-சான் மேசைக்கு வந்தது. அவர் வாசகத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குத்தினார். அவர் எழுந்து போனதும் எட்டிப் பார்த்தேன். என் பெயருக்குப் பக்கத்தில், ஒரு டிகிரி பிசகாமல், தலைகீழாக, சுகுடா.

இன்னும் ஒன்பது கட்டங்கள் காலியாக இருக்கின்றன. தாள் இப்போது குராமோச்சியின் மேசையில் இருக்கிறது, காலையிலிருந்து அதன் ஓரங்களை நேராக்கிக்கொண்டே இருக்கிறார், இன்னும் முத்திரையை எடுக்கவில்லை. அவர் எந்தப் பக்கம் குத்துவார் என்று உங்களுக்குத் தோன்றுகிறது?